இடிப்பதற்குப் பணம் தந்தவர் யார்?
டிரெஸ்டன் நகரின் தொடர்மாடி வீடுகள் தரும் பாடம்

கட்டடம் எழுப்ப நிதி சேர்ப்பது நம்மவர்க்குப் புதிய விடயமன்று. ஒரு கல்லுக்கு இவ்வளவு, ஒரு தூணுக்கு இவ்வளவு என்று திருப்பணிப் பிரசுரம் வெளிவந்தால், மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பங்கூடத் தன்னால் இயன்றதைக் கொடுக்கும். ஆனால் ஒரு கட்டடத்தை இடிப்பதற்கென்று எவரும் உண்டியல் வைத்ததில்லை. அதற்குக் கல்வெட்டில் பெயர் பொறிப்பாரும் இல்லை. எனினும் இடிப்பதற்கும் பணம் வேண்டும். பெருந்தொகையான பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகின்றது, எந்த நிபந்தனையோடு வருகின்றது என்பதைப் பொறுத்தே ஒரு நகரத்தில் எது நிற்கும், எது விழும் என்பது பெரும்பாலும் தீர்மானமாகின்றது. இவ்வுண்மையை அறிய விரும்புவோர்க்கு ஜேர்மனியின் கிழக்கே, எல்பே நதிக்கரையில் அமைந்துள்ள டிரெஸ்டன் நகரத்தின் கதை பெரிதும் உதவும்.

சாம்பலிலிருந்து எழுந்த நகரம்

1945ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி இரவு தொடங்கி 15ஆந் திகதி வரை நேசநாட்டு விமானங்கள் டிரெஸ்டன் மீது குண்டு பொழிந்தன. ஏறக்குறைய 25,000 மக்கள் மாண்டனர். நகரின் நடுப்பகுதியில் சுமார் 15 சதுர கிலோமீற்றர் பரப்பு அழிந்தது. பிரௌவன்கிர்ஷே என்னும் புகழ்பெற்ற தேவாலயத்தின் கற்கோபுரம் 15ஆந் திகதி காலை தீயின் வெம்மை தாங்காது சரிந்து வீழ்ந்தது.

பின்னர் வந்த கிழக்கு ஜேர்மன் அரசாங்கம் இடிபாடுகளை அகற்றச் சிறிய இரும்புப் பாதைகளை வீதிகளிலே போட்டு, வண்டி வண்டியாகக் கல்லையும் செங்கல்லையும் அப்புறப்படுத்தியது. யோஹான்ஸ்டாட் பகுதியில் அமைந்த தொழிற்சாலையில் அந்த இடிபாடுகளையே நொறுக்கிப் புதிய வீடுகளுக்கான பெரிய கட்டைகளாக வார்த்தார்கள். விழுந்த நகரத்தின் செங்கல்லே புதிய நகரத்தின் சுவராயிற்று.

ஆயினும் பழுதுபார்த்துக் காப்பாற்றியிருக்கக் கூடிய சில கட்டடங்களும் அந்நாளில் அகற்றப்பட்டன. நகரின் மிகப் பழைய தேவாலயங்களுள் ஒன்றாகிய சோபியா தேவாலயம், பழம்பொருட் காப்பாளர்கள் எதிர்த்தும், 1962, 1963ஆம் ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. பிரௌவன்கிர்ஷேயோ நாற்பது வருடங்களுக்கு மேலாகக் கற்குவியலாகவே கிடந்து, 1994 முதல் 2005 வரை திரும்பக் கட்டப்பட்டது. அதற்கு ஏறக்குறைய 180 மில்லியன் யூரோ செலவாயிற்று. அதில் 100 மில்லியனுக்கு மேற்பட்ட தொகை உலகெங்குமிருந்து வந்த நன்கொடை. கட்டுவதற்கு ஊர் கூடிப் பணம் தரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆசையோடு குடியேறிய வீடுகள்

1970களில் கிழக்கு ஜேர்மன் அரசு வீட்டுப் பஞ்சத்தைத் தீர்ப்பதாக உறுதியளித்து, தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளைப் பாரந்தூக்கியால் தூக்கிப் பொருத்தும் முறையில் இலட்சக்கணக்கான தொடர்மாடி வீடுகளைக் கட்டிற்று. இவற்றுள் பெருவழக்காயிருந்த "டபிள்யூ.பி.எஸ். 70" என்னும் வகையை வடிவமைத்ததில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. டிரெஸ்டனில் 1976 முதல் புரோலிஸ் என்னும் குடியிருப்பும், 1981 முதல் மேற்கே கோர்பிட்ஸ் என்னும் பெருங்குடியிருப்பும் எழுந்தன.

இன்று அவற்றைச் சாம்பல் நிறப் பெட்டிகள் என்று ஏளனம் செய்வாருண்டு. ஆனால் அன்று அங்கு வீடு கிடைத்த குடும்பத்துக்கு அது பெரும் பேறு. பழைய நகர வீடுகளில் நிலக்கரி சுமந்து அடுப்பெரிக்க வேண்டும்; மலசலகூடம் படிக்கட்டின் நடுவே பலருக்கும் பொதுவாக இருக்கும். புதிய வீட்டிலோ குழாயைத் திறந்தால் சுடுநீர்; குளிர்காலத்தில் குழாய் வழியே வந்து சேரும் வெப்பம்; தனிக் குளியலறை. பல வருடங்கள் காத்திருந்தே மக்கள் இவ்வீடுகளைப் பெற்றனர்.

வெற்று வீடுகள் பெருகிய வரலாறு

1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின. கிழக்கின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலை தேடி இளைஞர்கள் மேற்கே சென்றனர். பிறப்பு வீதம் சடுதியாக வீழ்ந்தது. 1989இல் ஏறக்குறைய 5 இலட்சமாயிருந்த டிரெஸ்டனின் சனத்தொகை 1998 அளவில் சுமார் 4½ இலட்சமாயிற்று.

இதே காலத்தில் மற்றொரு காரியமும் நடந்தது. கிழக்கில் புதிய வீடு கட்டுவோர்க்கு மத்திய அரசு பெரும் வரிச்சலுகை அளித்தது. கட்டடச் செலவில் பாதி வரையில் முதல் ஆண்டுகளிலேயே வருமானத்திலிருந்து கழித்துக் கொள்ளலாம் என்றிருந்தமையால், மேற்கிலுள்ள செல்வந்தர் பலர் கிழக்கின் நகர ஓரங்களில் வீடுகளைக் கட்டித் தள்ளினர். ஆட்கள் குறையக் குறைய வீடுகள் கூடின.

2000ஆம் ஆண்டில் மத்திய அரசு, லைப்சிக் நகரின் முன்னாள் மேயர் ஹின்றிஷ் லேமன்-குறூப தலைமையில் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. கிழக்கு ஜேர்மனியில் சுமார் 10 இலட்சம் வீடுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்றும், பத்து வருடங்களுள் மூன்று முதல் நான்கு இலட்சம் வீடுகளை அகற்ற வேண்டும் என்றும் அக்குழு அறிக்கை கொடுத்தது. வரிச்சலுகையால் வீடு கட்டச் செய்த அதே அரசுப் பணம், சில வருடங்களில் வீடு இடிக்கவும் புறப்பட்டது.

நிதி எப்படி வந்தது?

2002இல் "கிழக்கு நகர் மாற்றியமைப்பு" என்னும் திட்டம் தொடங்கியது. அதன் கணக்கு முறை இதுதான்.

அகற்றப்படும் வீட்டின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 60 யூரோ மானியம். இதில் பாதியை மத்திய அரசும் மறுபாதியை மாநில அரசும் கொடுக்கும். நகரசபை ஒரு சதமும் தர வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் குடியிருப்பாளரை வேறிடம் மாற்றும் செலவும், இடிக்கும் செலவும், வெறுநிலத்தில் புல் விதைக்கும் செலவும் இதற்குள் அடங்கும். ஆனால் குடியிருப்பைச் சீர்செய்து அழகுபடுத்துவதற்கான பகுதியில், மத்திய அரசு, மாநில அரசு, நகரசபை ஆகிய மூவரும் மூன்றிலொரு பங்கு போட வேண்டும்.

இதனோடு "பழைய கடன்" என்பதும் சேர்ந்தது. கிழக்கு ஜேர்மன் காலத்தில் வீடு கட்ட எடுத்ததாகக் கணக்கில் இருந்த கடன், 1990க்குப் பின் வீட்டு நிறுவனங்களின் தலையிலும் கூட்டுறவுச் சங்கங்களின் தலையிலும் உண்மையான வங்கிக் கடனாக விழுந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சதுர மீற்றருக்கு 150 மார்க் என்ற எல்லைக்குள் குறைத்தது. பிற்பாடு வந்த திருத்தத்தின்படி, தமது வீடுகளில் குறைந்தது 15 வீதம் வெறுமையாயிருந்து நிலைகுலையும் தறுவாயிலிருந்த நிறுவனங்கள், வீட்டை இடித்தால் அந்த வீட்டின் எஞ்சிய கடனிலிருந்தும் விடுபடலாம். சதுர மீற்றருக்கு 77 யூரோ வரை இச்சலுகை கிடைத்தது.

கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு விளங்கும். 60 சதுர மீற்றர் கொண்ட ஒரு வீட்டை இடித்தால் மானியம் 3,600 யூரோ. கடன் நீக்கம் 4,620 யூரோ வரை. ஆக 8,220 யூரோ. அதே வீட்டைப் பூட்டி வைத்து, ஆட்கள் திரும்பி வரும் காலத்துக்காகக் காத்திருந்தால் கிடைப்பது ஒன்றுமில்லை; கடனுக்கு வட்டியும், கட்டடத்துக்குப் பராமரிப்புச் செலவுமே மிஞ்சும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளர் எதைத் தெரிவு செய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காப்புறுதி நிறுவனம் ஒன்று, காலை வெட்டும் சத்திரசிகிச்சைக்கு முழுப்பணமும் தருவோம், புண்ணுக்கு மருந்து கட்டும் செலவில் மூன்றிலொரு பங்கை நோயாளியே தர வேண்டும் என்று விதித்தால் என்ன நடக்கும்? வைத்தியர் நல்லவராயிருக்கலாம், நோயாளியும் விவேகியாயிருக்கலாம். ஆயினும் வெட்டப்படும் கால்களின் தொகை கூடவே செய்யும். வெட்ட வேண்டிய கால்கள் உண்மையிலேயே உண்டு என்பதும் மறுக்கற்பாலதன்று. எது வெட்ட வேண்டியது, எது ஆற வைக்கக் கூடியது என்பதை நோயைப் பார்த்துத் தீர்மானிக்காமல் பணத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதே தவறு.

இடிப்பதிலும் உள்ள நுட்பம்

திட்டத்தை முற்றாகப் பழிப்பதும் நீதியாகாது. பத்து வாயில்களில் நான்கு வாயில்கள் இருண்டு கிடக்கும் தொடர்மாடியில் வாழ்வது இலகுவன்று. வெப்பக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் நூறு குடும்பத்துக்கென அமைக்கப்பட்டவை. அறுபது குடும்பமே இருந்தால் நூறு பேரின் செலவை அறுபது பேர் சுமக்க வேண்டும். குழாயில் நீர் ஓட்டம் குறைந்தால் சுகாதாரக் கேடும் உண்டாகும். ஆகவே நகர அமைப்பாளர், குழாய்கள் முடியும் ஓரத்திலிருந்து உள்நோக்கி இடித்து வருவதே சிக்கனம் என்றனர். ஆனால் வெறுமையான வீடுகள் ஓரத்தில் மட்டும் இருப்பதில்லையே! ஆகவே ஆட்கள் வசிக்கும் வீட்டையும் காலி செய்வித்து இடிக்க நேர்ந்தது. இருபது வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய முதியவர்க்கு, வேறு வீடு கிடைத்தாலும் அயலவர் கிடைப்பதில்லை. முதியோரை இடம் மாற்றினால் அவர்தம் உடல்நலமும் மனநலமும் தளர்வதை வைத்தியர் யாவரும் அறிவர். எந்த மானியப் பத்திரத்திலும் அதற்கென ஒரு நிரல் இல்லை.

கோர்பிட்ஸ் குடியிருப்பில் ஒரு கூட்டுறவுச் சங்கம் வேறு வழியைக் கண்டது. ஆறு மாடிக் கட்டடங்களை முழுவதும் தரைமட்டமாக்காமல், மேல் மாடிகளிலிருந்த கொங்கிறீற்றுப் பலகைகளைப் பாரந்தூக்கியால் படிப்படியாகக் கழற்றி எடுத்தார்கள். மீதி வீடுகள் மலைச்சரிவு வயல் போலப் படிவரிசையாக அமைந்தன. கழற்றிய மாடியின் இடம் கீழ்வீட்டுக்குத் திறந்த மொட்டைமாடியாயிற்று. "மூலிகை மாடிகள்" என்னும் பொருள்படும் பெயர் பெற்ற இக்குடியிருப்பு, அரைவாசி இடித்தும் ஒரு நல்ல ஊரை உண்டாக்கலாம் என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.

தப்பிப் பிழைத்த நோய்ஸ்டாட்

இடியாமல் விட்டதன் பயனையும் டிரெஸ்டனிலேயே காணலாம். எல்பே நதியின் வடகரையிலுள்ள வெளி நோய்ஸ்டாட் பகுதி போரில் பெரும்பாலும் தப்பியது. 19ஆம் நூற்றாண்டு வீடுகள் நெருக்கமாக நிறைந்த இடம். கிழக்கு ஜேர்மன் ஆட்சியில் அவற்றைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கப்படவில்லை, கூரைகள் ஒழுகின, இறுதி ஆண்டுகளில் பெரும்பகுதியை இடித்துக் கொங்கிறீற்று வீடுகள் அமைக்கும் திட்டமும் இருந்தது. 1989இல் அங்குள்ள மக்கள் சங்கம் அமைத்து எதிர்த்தனர். ஆட்சி மாறியது, 1991இல் அப்பகுதி புனரமைப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டு, பணம் பழுதுபார்ப்புக்கு வந்தது. இன்று சிறு கடைகளும் உணவகங்களும் இளங்குடும்பங்களும் நிறைந்து, உல்லாசப் பயணிகள் தேடிச் செல்லும் இடமாக அது விளங்குகின்றது. அதே சுவர்தான், அதே வீதிதான். பணம் வந்த வழி மட்டுமே மாறியது.

இப்படிப்பினையைப் பிற்பாடு அரசாங்கமும் ஓரளவு ஏற்றுக்கொண்டது. 1919க்கு முன் கட்டப்பட்ட பழைய வீடுகளை இடிக்க மானியம் கொடுப்பது மட்டுப்படுத்தப்பட்டு, அவற்றின் கூரையையும் சுவரையும் காத்து வைப்பதற்கு நிதி வழங்கப்பட்டது. கிழக்கில் மொத்தத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மறைந்து போயின.

மக்கள் திரும்பி வந்தபோது

2000ஆம் ஆண்டின் பின் எவரும் எதிர்பாராத அளவில் டிரெஸ்டன் வளரத் தொடங்கிற்று. கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் ஆட்களை இழுத்தன. அயற் கிராமங்கள் 1990களின் இறுதியில் நகரோடு இணைக்கப்பட்டதும் ஒரு காரணமாயினும், பிறப்பும் குடிவரவுமே முதன்மையான காரணங்கள். இன்று சனத்தொகை 5.6 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த மாணவரும் பொறியியலாளரும் இவர்களுள் அடங்குவர். சதுர மீற்றருக்கு 60 யூரோ கொடுத்து வீடுகளை அகற்றிய நகரில், அறை தேடி மாதக்கணக்கில் அலையும் நிலை வந்தது.

இதற்கிடையில் மற்றொரு பெரிய முடிவும் எடுக்கப்பட்டிருந்தது. 2006இல் டிரெஸ்டன் மாநகரசபை, தனக்குச் சொந்தமான வீட்டு நிறுவனத்தை, ஏறக்குறைய 48,000 வீடுகளோடு, ஃபோர்ட்ரஸ் என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. கடன் கழித்து நகருக்குக் கிடைத்த தொகை சுமார் 98 கோடி யூரோ. நகரம் ஒரே நாளில் கடனற்றதாயிற்று என்று பத்திரிகைகள் வியந்தன. ஆனால் வீட்டுப் பஞ்சம் வந்தபோது நகரிடம் சொந்தமாக வீட்டு நிறுவனம் இருக்கவில்லை. 2017இல் மாநகரசபை புதிதாக ஒரு வீட்டு நிறுவனத்தைத் தொடங்கிற்று. விற்ற வீடுகள் காலப்போக்கில் வொனோவியா என்னும் பெரு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தன; 2024இல் அவற்றுள் சுமார் 1,200 வீடுகளை நகரமே விலை கொடுத்துத் திரும்ப வாங்க இணங்கியது.

ஏறக்குறைய இருபது வருடத்துக்குள் ஒரே நகரம் வீட்டை இடித்தது, விற்றது, மீண்டும் கட்டியது, மீண்டும் வாங்கியது. எல்லாம் வரி செலுத்துவோர் பணம்.

கொழும்பிலும் இதே கேள்வி

இது ஜேர்மனிக்கு மட்டும் உரிய கதையன்று. கொழும்பில் 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை, கொம்பனித்தெரு முதலிய இடங்களில் சிறு வீடுகளை அகற்றி, குடும்பங்களை உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றியது. அங்கு இடிப்புக்கான நிதி வந்த வழி வேறு. காலியாகும் நிலத்தின் விலையே திட்டத்தின் மூலதனம். ஆகவே நிலம் விலை மதிப்புள்ள இடத்தில் இருந்த வீடுகளே முதலில் கண்ணிற் பட்டன. சொந்த வீட்டில் இருந்த பலர், தொடர்மாடி வீட்டுக்காகப் பத்து இலட்சம் ரூபாவைத் தவணை முறையில் செலுத்த வேண்டியவராயினர். சதுர மீற்றருக்கு மானியம் கொடுத்தால் வெறுவீடு விழும். நிலவிலையை நம்பினால் நல்ல இடத்திலிருக்கும் ஏழை வீடு விழும். எப்படியாயினும், பணம் காட்டும் திசையிலேயே இடிக்கும் இயந்திரம் செல்கின்றது.

வாசகர் கவனிக்க வேண்டியவை

ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது நம் முன்னோர் கைக்கொண்ட முறை ஒன்றுண்டு. முதலில் பாலாலயம் அமைப்பர். மூர்த்தியின் சக்தியைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்து, பூசை தடையின்றி நடக்க வழிசெய்த பின்னரே பழைய கட்டடத்தில் உளி படும். இறைவனுக்கே முதலில் மாற்றிடம் தேடிய மரபு அது. மனிதர் குடியிருக்கும் இல்லத்துக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

ஜேர்மன் நாட்டின் கட்டடச் சட்டமும் இதை ஓரளவு ஏற்கின்றது. புனரமைப்புப் பிரதேசமாக ஓரிடம் அறிவிக்கப்படும்போது, உரிமையாளரோடு மட்டுமன்றி, வாடகைக்கு இருப்போர், குத்தகைக்காரர் முதலிய பாதிக்கப்படும் அனைவரோடும் நகரசபை கலந்து பேச வேண்டும். அவர்களுக்கு நேரக்கூடிய இடர்களைத் தணிக்கும் வழிகளை எழுத்தில் வகுக்க வேண்டும். இவ்வுரிமை குடியுரிமையைப் பொறுத்ததன்று; வாடகை ஒப்பந்தம் இருந்தால் போதும். நம் சங்கங்களும் வழிபாட்டு மன்றங்களும் பல நகரங்களில் பழைய தொழிற்சாலைக் கூடங்களிலும் களஞ்சியங்களிலும் வாடகைக்கு இயங்கி வருகின்றன. நகர அபிவிருத்திக்கென முதலில் குறிக்கப்படும் இடங்களும் பெரும்பாலும் அவையே. ஆகவே மாநகரசபையின் கடிதம் வந்தால், விளங்காத மொழியென்று அலுமாரிக்குள் வைத்துவிடாமல், விளங்கியவரைக் கொண்டு படிப்பித்து, குறித்த தவணைக்குள் பதில் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்கு அழைத்தால் ஒருவராவது போக வேண்டும்.

போனவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. இடிப்பதற்குப் பணம் தருபவர் யார்? அதே பணம் பழுதுபார்ப்பதற்கும் கிடைக்குமா? இடிப்பதற்கு முன், இருப்பவர்க்கு எங்கே இடம்? மூன்றாவது கேள்விக்கு விடை எழுத்தில் கிடைக்கும் வரை எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் இடாதிருப்பது நலம்.